மூளையின் பெரட்டுக்களம்: இரத்தத்தை அனுப்புவது யார்?

கேரித் தீவில், எங்கள் லயத்து வாசலில் பாட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பத்து வயதுப் பையனான நான் ஒரு பச்சைப் பாக்கைத் திருடித் தின்றேன். இரண்டு நிமிடத்தில் காது சுட்டது. நெற்றியெல்லாம் வேர்வை. லயமும் அதற்குப் பின்னால் நின்ற செம்பனைகளும் மெல்லச் சுற்ற ஆரம்பித்தன. பாட்டி பதறவில்லை. "பாக்கு தலைக்கு ஏறிடுச்சு. தண்ணியக் குடிச்சிட்டுப் படு" என்றார்.

தலைக்கு ஏறுவது என்பது நம் பேச்சில் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது! சாராயம் தலைக்கேறும், வெயில் தலைக்கேறும், கோபத்தில் இரத்தம் தலைக்கேறும், பணம்கூடத் தலைக்கேறும். கீழே இருக்கும் ஏதோ ஒன்று மேலே போய் மூளையைக் கலக்குகிறது என்பது இந்தச் சொல்லாட்சியின் உட்கிடை. நூற்றைம்பது ஆண்டுகளாக உடலியல் அறிஞர்கள் ஆராய்ந்துவரும் கேள்வியோ மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறது. மூளை தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே கேட்டு வாங்குகிறதா? கேட்கிறதென்றால் எந்த மொழியில்?

பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள், நம் நரம்புகள் சொந்தமாகச் சுரக்கும் அசிட்டைல்கோலினைப் போல வேடமிடுகிறது. அசிட்டைல்கோலினுக்கென்று செல்களின் மேல் இருக்கும் வாங்கிகளில் ஒரு வகையைப் போய்த் தட்டுகிறது. வேர்வைச் சுரப்பியில் தட்டினால் வேர்க்கிறது, உமிழ்நீர்ச் சுரப்பியில் தட்டினால் வாய் ஊறுகிறது. மூளைக்குள்ளும் நுழைகிறது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மூளைப் புறணியில் இரத்த ஓட்டம் கூடியது. ஆக, பாட்டி சொன்னதில் பாதி சரி. (பாக்கைப் பரிந்துரைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது.)

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்திற்குச் சராசரியாக 50 மில்லி இரத்தம் வேண்டும். இது 20க்குக் கீழே இறங்கினால் செல்கள் உயிரோடிருந்தும் வேலை செய்யாது. 10க்கும் கீழே போனால் சாகத் தொடங்கும். ஓட்டம் முழுதாக நின்றால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பிவிடும். தசைக்கும் கல்லீரலுக்கும் இருப்பதுபோல் மூளைக்குச் சேமிப்புக் கிடங்கு கிடையாது. அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் மாதிரி, வரவு நின்றால் அன்றைக்கே அடுப்பு அணையும்.

இவ்வளவு தேவை இருந்தும் மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. எல்லாப் பகுதிக்கும் ஒரே நேரத்தில் வேண்டிய அளவு இரத்தத்தைக் கொட்ட அங்கே இடமில்லை. பங்கீடு செய்தே ஆக வேண்டும்.

அந்தப் பங்கீட்டை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஆஞ்சலோ மோசோ. அவரிடம் வந்த பெர்ட்டினோ ஒரு குடியானவர். தலையில் செங்கல் விழுந்து மண்டை ஓட்டில் ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியே மூளையின் துடிப்பைப் பதிவுசெய்ய மோசோ ஒரு கருவி பொருத்தினார். நண்பகலில் தேவாலய மணி அடித்தது. பெர்ட்டினோவின் கை அசையவில்லை, நாடி மாறவில்லை, ஆனால் மூளையின் துடிப்பு எழும்பியது. மணியோசை கேட்டதும் ஜெபம் சொல்ல நினைத்தாயா என்று மோசோ கேட்டார். கேட்ட மாத்திரத்தில் துடிப்பு மறுபடி எழும்பியது. கையில் மாறாத இரத்த ஓட்டம் மூளையில் மட்டும் மாறியதால், இதயம் பலமாக அடித்ததன் விளைவு இது என்று தள்ளிவிட முடியாது. 1880களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட இந்தப் பதிவுகளில் என்னை இன்றும் பிடித்து நிறுத்துவது, அறிவியல் வரலாற்றின் இந்த முக்கியமான தலை ஒரு குடியானவரின் தலை என்பதுதான்.

1890இல் கேம்பிரிட்ஜில் சார்ல்ஸ் ராயும் சார்ல்ஸ் ஷெரிங்டனும் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே கழிவுப் பொருள்கள் சேர்கின்றன, அவை பக்கத்திலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கின்றன, இரத்தம் பாய்கிறது. அதாவது பசித்தவன் அழுகிறான், அழுகை கேட்டுச் சோறு வருகிறது. எளிமையான, நேர்த்தியான விளக்கம். ஆனால் ஆறே ஆண்டில் லெனர்ட் ஹில் என்ற ஆங்கிலேயர் அதை மறுத்தார். மூளையின் இரத்தக் குழாய்கள் செயலற்ற குழாய்கள், உடலின் இரத்த அழுத்தம் எப்படியோ அப்படி ஓட்டம் என்றார். அவர் சொல்தான் முப்பது ஆண்டுக்கும் மேல் நின்றது. கல்வியுலகில் ஒருவரின் குரல் கனத்தால் சரியான கருத்துகூட எவ்வளவு காலம் மூலையில் கிடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஹில்லின் பிடி தளர்ந்ததற்கும் ஒரு நோயாளியே காரணம். 1928இல் பாஸ்டனில் ஜான் ஃபுல்டன் எழுதிய கட்டுரையில் வால்டர் கே. என்று மட்டும் குறிக்கப்படும் ஒரு மாலுமி வருகிறார். அவர் தலையின் பின்புறம், பார்வைக்கான மூளைப் பகுதியில், இரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு ஒரு முடிச்சாக இருந்தன. இரத்தம் அதில் ஓடும் இரைச்சல் அவருக்கே கேட்கும். செய்தித்தாள் படித்தால் இரைச்சல் கூடும். கண்ணை மூடிக்கொண்டால் சில விநாடிகளில் தணியும். படிக்கும்போது பார்வை மூளைக்கு இரத்தம் கூடுதலாகப் போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எண்ணும் அளவும் பிறகு வந்தன. 1940களில் சேமூர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் நைட்ரஸ் ஆக்சைடை மூச்சில் கொடுத்து முழு மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தார்கள்.

இங்கே கேரித் தீவைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன். எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற துரையின் பெயரைச் சுமக்கும் இந்தத் தீவு, பெரும்பாலும் களிமண் சதுப்பு. கடல் ஏறும்போது தோட்டத்தின் தரை அலைமட்டத்திற்குக் கீழே போய்விடும். அதனால் சுற்றிலும் பண்டு என்ற மண்கரை, கரையில் ஆங்காங்கே மதகுகள். கடல் ஏறினால் மதகு மூடும், இறங்கினால் திறந்து உள்நீரை வடிக்கும். வெளியே எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் செம்பனையின் காலடியில் நீர்மட்டம் அதிகம் மாறாது. மூளைக்கும் இப்படி ஒரு பண்டு உண்டு என்று 1959இல் டென்மார்க்கின் நீல்ஸ் லாசன் காட்டினார். சராசரி இரத்த அழுத்தம் 60க்கும் 150 மி.மீ. பாதரசத்திற்கும் இடையில் ஏறி இறங்கினாலும் மொத்த ஓட்டம் ஏறத்தாழ நிலையாக நிற்கிறது. (அந்தச் சமவெளி லாசன் வரைந்த அளவு அகலமானதல்ல என்பது இன்றைய கருத்து.) கரியமில வாயுவுக்கு மட்டும் இந்தக் கரை விட்டுக்கொடுக்கும். இரத்தத்தில் அதன் அழுத்தம் ஒவ்வொரு மி.மீ. கூடும்போதும் மூளை ஓட்டம் 3, 4 விழுக்காடு ஏறும். வேகவேகமாக மூச்சு வாங்கினால் தலை கிறுகிறுப்பது கரியமில வாயு குறைந்து குழாய்கள் சுருங்குவதால்தான்.

பண்டு வெளிக்கடலைச் சமாளிக்கும். உள்ளே எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்பது வேறு கேள்வி. தூதுப் பொருள்கள் அந்த இடத்தில்தான் வருகின்றன.

ராய்-ஷெரிங்டனின் பசி விளக்கம், ஹில்லின் மறுப்பையும் தாண்டி, ஏறக்குறைய நூறாண்டு தாக்குப்பிடித்தது. அதை உடைத்தது 1986இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பீட்டர் ஃபாக்ஸும் மார்கஸ் ரெய்க்கிளும் செய்த ஓர் அளவீடு. விரல்களுக்கு அதிர்வு கொடுத்து, அதற்குரிய மூளைப் பகுதியைப் பார்த்தார்கள். அங்கே இரத்த ஓட்டம் 29 விழுக்காடு கூடியது. ஆக்சிஜன் செலவு கூடியதோ 5 விழுக்காடுதான். பசிக்கு ஏற்பச் சோறு என்றால் இந்த இரண்டு எண்களும் அருகருகே இருக்க வேண்டும். கேட்டதைவிடப் பல மடங்கு வந்து குவிகிறது. அதுவும் கழிவு சேர்ந்து, ஆக்சிஜன் தீர்ந்து, அழுகை எழும்வரை காத்திருக்காமல் ஒரு விநாடி அளவிலேயே வரத் தொடங்குகிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் கைவசம் இருக்கிறது: பெரட்டு. விடிவதற்கு முன் களத்தில் வரிசையாக நிற்போம். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டு, இன்னார் இந்த நிரைக்கு, இன்னார் அந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்புவார். எந்த மரத்தில் குலை பழுத்து விழுந்துகிடக்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. வேலை நடக்கப்போகிறது என்ற உத்தரவின் பேரில் ஆட்கள் முன்கூட்டியே போய்விடுவார்கள். மூளையின் இரத்தமும் பெரும்பாலும் பெரட்டு முறையில்தான் போகிறது, பசி முறையில் அல்ல. 2002இல் லண்டனின் டேவிட் அட்வெல்லும் நியூயார்க்கின் கொஸ்டான்டினோ யாடிகோலாவும் இந்தக் கருத்தை ஒரு மீள்பார்வைக் கட்டுரையில் தெளிவாக வைத்தார்கள். இரத்தத்தை அழைப்பது ஆற்றல் பற்றாக்குறை அல்ல, நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் அதே தூதுப் பொருள்கள். பேச்சும் உத்தரவும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வருகின்றன.

இந்த உத்தரவின் முதல் வாய் குளுட்டமேட். மூளையில் கிளர்ச்சியூட்டும் பேச்சில் பெரும்பகுதி இதில்தான் நடக்கிறது. ஒரு நரம்பு நுனியிலிருந்து குளுட்டமேட் வெளிப்பட்டு அடுத்த செல்லின் வாங்கியில் அமர்ந்ததும் அந்தச் செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது. கால்சியம் ஒரு நொதியை எழுப்ப, அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. வாயுவுக்குக் கதவு வேண்டாம். சவ்வுகளை ஊடுருவிப் பக்கத்திலிருக்கும் தமனியின் தசையை அடைந்து அதைத் தளர்த்துகிறது. இன்னொரு கிளையில் அதே கால்சியம் புரோஸ்டாகிளாண்டின் வகைப் பொருள்களை உண்டாக்க, அவையும் குழாயை விரிக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடை முற்றாகத் தடுத்தாலும் ஓட்டம் முழுதாக நிற்பதில்லை. ஒரு வழி அடைத்தால் மறு வழி.

இதுவரை சண்டை இல்லை. நடுவில் நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவத் துணைச்செல்லில்தான் சண்டை தொடங்குகிறது. அதன் ஒரு கை நரம்பிணைப்பைத் தொட்டிருக்கும், மறு கை இரத்தக் குழாயைச் சுற்றியிருக்கும். தரகருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? 2003இல் இத்தாலிய ஆய்வாளர்கள், குளுட்டமேட் ஆஸ்ட்ரோசைட்டைத் தூண்ட அது குழாயை விரிக்கிறது என்று காட்டினார்கள். மறு ஆண்டே கனடாவிலிருந்து ஷான் மலிகனும் பிரையன் மக்விக்காரும் அதே துணைச்செல்லைத் தூண்டினால் குழாய் சுருங்குகிறது என்றார்கள். சுற்றுப்புறத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, குழாய் முன்பே எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கும் என்று ஒரு சமரசம் ஏற்பட்டது. 2013இல் அதற்கும் அடி விழுந்தது. முந்தைய சோதனைகள் பெரும்பாலும் இளம் எலிகளின் மூளைத் துண்டுகளில் நடந்தவை. அந்தச் சோதனைகள் நம்பியிருந்த குளுட்டமேட் வாங்கி வளர்ந்த மூளையின் ஆஸ்ட்ரோசைட்டில் இல்லை என்று மைக்கென் நெடர்கார்டின் குழு கண்டது. தரகர் வேலை செய்கிறார் என்பதில் இன்று பெரிய ஐயமில்லை. எந்த வேகத்தில், எந்தக் குழாயில் என்பதில்தான் வழக்கு. என் கணிப்பில் அவர் முதல் உத்தரவைக் கொடுப்பவரல்ல, கொடுத்த உத்தரவை நீட்டிப்பவர்.

தந்துகிகளைப் பற்றியும் இதே மாதிரி ஒரு வழக்கு. அவற்றைச் சுற்றிப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்கள் சுருங்கி விரிந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்று அட்வெல்லின் குழு 2014இல் எழுதியது. மறு ஆண்டே இன்னொரு குழு, அதெல்லாம் தசைச் செல்களின் வேலை, நீங்கள் தவறான செல்லுக்குப் பெரிசைட் என்று பெயர் வைத்துவிட்டீர்கள் என்றது. இது பாதிக்குப் பாதி பெயர்ச் சண்டை. இதைவிட எனக்குச் சுவையாகப் படுவது 2017இல் வெர்மாண்ட்டில் மார்க் நெல்சனின் ஆய்வகம் கண்டது. நரம்பு சுடும்போது வெளியேறும் பொட்டாசியத்தைத் தந்துகியின் சுவரே உணர்கிறது. உணர்ந்து ஒரு மின் அலையை எழுப்புகிறது. அந்த அலை குழாய்ச் சுவர் வழியே ஓட்டத்திற்கு எதிர்த்திசையில் ஓடி மேலே உள்ள தமனியைத் திறக்கச் சொல்கிறது. வாய்க்காலின் கடைமடையிலிருந்து தலைமதகுக்குச் செய்தி போவது போல.

குளுட்டமேட் உள்ளூர் மண்டோர் என்றால், தோட்டம் முழுவதற்கும் ஆணையிடும் பெரிய கிராணிகள் நால்வர்: அசிட்டைல்கோலின், நோர்அட்ரீனலின், டோபமின், செரோடோனின். இவர்களைச் சுரக்கும் செல்கள் மூளையின் அடியில் சிறு சிறு கூட்டங்களாக இருந்துகொண்டு, நெடிய கிளைகளைப் புறணி முழுவதும் பரப்பியிருக்கின்றன. அக்கிளைகளில் சில நரம்புச் செல்லைத் தொடாமல் நேரே இரத்தக் குழாயின் அருகில் போய் முடிகின்றன.

அசிட்டைல்கோலினைப் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. பிரித்தெடுத்த தமனித் துண்டில் அதை ஊற்றினால் சில நேரம் விரிந்தது, சில நேரம் சுருங்கியது. 1980இல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் காரணத்தைக் கண்டுபிடித்தார். துண்டு வெட்டும்போது குழாயின் உள்படலம் உரசிப் போய்விட்டால் சுருங்கும்; படலம் இருந்தால் விரியும். அசிட்டைல்கோலின் தசையிடம் பேசவே இல்லை, படலத்திடம் பேசுகிறது. படலம் வேறொரு பொருளை அனுப்பித் தசையைத் தளர்த்துகிறது. அந்த வேறொரு பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரியவந்தது. 1998இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கைத்தவறு என்று பலர் குப்பையில் போட்டிருக்கக்கூடிய ஒரு முரண் அது. மூளைக்குள் இதே கதையின் அடுத்த பகுதியை ஜப்பானில் சாத்தோ இணையர் எழுதினார்கள். மூளையின் அடிப்புறத்திலுள்ள அசிட்டைல்கோலின் செல்களைத் தூண்டினால் புறணியில் இரத்த ஓட்டம் பெருகுகிறது, அதற்கிணையாக ஆற்றல் செலவு பெருகாமலேயே. பசிக்கும் சோற்றுக்கும் இடையிலான முடிச்சு இங்கே முழுதாகவே அவிழ்ந்துவிடுகிறது. கவனம் கூர்மையாகும்போது அசிட்டைல்கோலின் சுரக்கிறது. வேலை வரலாம் என்ற எதிர்பார்ப்பிலேயே வாய்க்கால் நனைக்கப்படுகிறது என்று நான் இதை வாசிக்கிறேன்.

நோர்அட்ரீனலின் எதிர்மாதிரி. மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்று அழைக்கப்படும் ஒரு சிறு கூட்டத்திலிருந்து கிளம்பும் இது பெரும்பாலும் குழாய்களைச் சுருக்குகிறது. இது கஞ்சத்தனம் இல்லை. 2012இல் வந்த ஓர் எலி ஆய்வின்படி, அது எங்கும் சற்றே இறுக்கிப் பிடிப்பதால்தான் வேலை நடக்கும் இடத்தில் பாய்ச்சல் தெளிவாகத் துலங்குகிறது. எல்லா வாய்க்காலும் திறந்திருந்தால் எந்த வாய்க்காலுக்கும் அழுத்தம் இருக்காது அல்லவா? தூக்கத்தில் இதற்கு இன்னொரு வேலை. நோர்அட்ரீனலின் மெதுவாக ஏறி இறங்க, குழாய்களும் சேர்ந்து சுருங்கி விரிந்து, மூளைநீரைத் தள்ளிக் கழிவை வெளியேற்ற உதவுகின்றன என்று 2025 தொடக்கத்தில் நெடர்கார்டின் குழு எலிகளில் காட்டியது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை கொடுத்தபோது அந்த ஏற்ற இறக்கம் குறைந்தது. மனிதரில் அப்படியே நடக்கும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது.

டோபமினைச் சுருக்கமாக முடித்துவிடலாம். புறணியின் சிறு குழாய்களை ஒட்டியே டோபமின் கிளைகள் ஓடுகின்றன, அவை குழாயைச் சுருக்கவல்லவை என்று 1998இல் பட்ரிஷியா கோல்ட்மன்-ராக்கிச்சின் குழு காட்டியது. அவ்வளவுதான் உறுதி. காபா என்ற தூதுப் பொருளைச் சுரக்கும் இடைச்செல்களும் இந்தக் களத்தில் உண்டு. அவற்றில் சில வகை குழாயை விரிக்கும், சில வகை சுருக்கும்.

செரோடோனினின் கதை அதன் பெயரிலேயே இருக்கிறது. இன்று அது மகிழ்ச்சியின் இரசாயனம் என்று வார இதழ்களில் உலா வருகிறது. 1948இல் அதைப் பிரித்தெடுத்த மாரிஸ் ராப்போர்ட்டும் கூட்டாளிகளும் தேடியது மகிழ்ச்சியை அல்ல. இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் சீரத்தில் குழாயை இறுக்கும் பொருள் எது என்று தேடினார்கள். சீரம், இறுக்கம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துத்தான் செரோடோனின் என்று பேரிட்டார்கள். குழாயோடு தொடங்கிய அந்த உறவு ஒற்றைத் தலைவலியில் மறுபடி வெளிப்பட்டது. குழாய்கள் விரிந்து துடிப்பதால் வலி, ஆகவே செரோடோனின் வாங்கியைத் தட்டிச் சுருக்கினால் வலி போகும் என்ற எண்ணத்தில் 1990களின் தொடக்கத்தில் சுமட்ரிப்டன் வந்தது. மருந்து வேலை செய்தது. காரணம்தான் அவ்வளவு சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. குழாய் விரிவது மட்டுமே வலியை விளக்கவில்லை. தலைவலி நரம்புகள் வெளியிடும் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதத்தை அந்த மருந்து அடக்குவதும் முக்கியம். அந்தப் புரதத்தையே குறிவைக்கும் ஊசிகள் 2018 முதல் சந்தைக்கு வந்தன. தவறான காரணத்திற்காகச் சரியான மருந்து. மருத்துவத்தில் இது புதிதல்ல.

பாட்டியின் பாக்கு அசிட்டைல்கோலினைப் போல வேடமிட்டது. தோட்டத்தில் அதைவிடப் பொல்லாத வேறொன்று உண்டு. அசிட்டைல்கோலின் தன் செய்தியைச் சொன்னவுடன் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். சொல்வது எவ்வளவு முக்கியமோ சொன்னதை அழிப்பதும் அவ்வளவு முக்கியம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. மலேசியச் செம்பனையில் ஓலை தின்னும் பைப்புழுவுக்கு மோனோகுரோட்டோஃபாஸ் போன்ற இவ்வகை மருந்தைத் தண்டில் துளைபோட்டு ஊற்றி, துளையைக் களிமண்ணால் அடைப்பார்கள். நொதி முடங்கினால் அசிட்டைல்கோலின் குவியும். வாயூறல், வேர்வை, கண்மணி சுருங்கல், தசைத்துடிப்பு, கடுமையானால் வலிப்பும் மூச்சடைப்பும். மூளையின் இரத்த ஓட்டமும் இதில் கலங்கும். நொதியைத் தடுக்கும் பொருள்கள் விலங்குகளின் புறணியில் ஓட்டத்தைப் பெருக்குகின்றன என்பது சோதனைகளில் பலமுறை கண்டது. "மருந்து தலைக்கேறிடுச்சு" என்று லயத்தில் சொல்வதும் "பாக்கு தலைக்கேறிடுச்சு" என்பதும் ஒரே வாங்கியைத் தட்டும் இரண்டு கைகள் என்பதை நான் வெகுகாலம் கழித்தே அறிந்தேன். தெனாகானித்தா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பற்றி 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிகம் பேசப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லி வேறு வகை நஞ்சு, நொதியோடு அதற்குத் தொடர்பில்லை. அது 2020 ஜனவரியிலிருந்து மலேசியாவில் தடை. எந்த நஞ்சு எந்தத் தூதைக் கெடுக்கிறது என்று பிரித்துச் சொல்லும் சிறு நூல் ஒன்று தமிழில் இருந்திருந்தால் எத்தனையோ மண்டோர்களுக்கு உதவியிருக்கும்.

கடைக்கோப்பிக்கும் இந்தக் கட்டுரையில் ஓர் இடம் உண்டு. செல்கள் உழைக்க உழைக்க அடினோசின் சேர்கிறது. அது குழாயை விரிக்கும், தூக்கத்தையும் கூட்டி வரும். காஃபீன் அதன் வாங்கியில் போய் உட்கார்ந்துகொண்டு வழிமறிக்கிறது. சுமார் 250 மில்லிகிராம் காஃபீன் மூளையின் ஓட்டத்தை 20 முதல் 30 விழுக்காடு குறைக்கிறது. கோப்பி குடித்தால் மூளைக்கு இரத்தம் ஏறுகிறது என்பவர்கள் இதைக் கேட்டால் திகைப்பார்கள். இரத்தம் குறைந்தும் விழிப்பு கூடுகிறது! தினமும் குடிப்பவர் ஒருநாள் விட்டால் தடை நீங்கிக் குழாய்கள் விரிகின்றன. தலைவலி வருகிறது. பந்திங் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் ஆடிப்பூர விரதக்காரர் ஒருவர் அம்மனை நினைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் இதைத்தான் நினைத்தேன்.

இந்த முரணை எஃப்.எம்.ஆர்.ஐ. படம் பார்க்கும்போதும் மறக்கக்கூடாது. 1990இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா எலிகளில் கண்டது ஃபாக்ஸ்-ரெய்க்கிள் எண்களின் மறுபக்கம். ஓட்டம் செலவை மிஞ்சுவதால் அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறிய சிவப்பணு கூடுகிறது, காந்தத்தன்மை கொண்ட, ஆக்சிஜன் இழந்த சிவப்பணுவின் பங்கு குறைகிறது, கருவியில் அது வெளிச்சமாகத் தெரிகிறது. காதலுக்கு இந்த இடம், பக்திக்கு அந்த இடம் என்று நாளிதழில் வரும் வண்ணப் படங்கள் எல்லாம் இப்படி வந்தவையே. நாம் பார்ப்பது எண்ணத்தை அல்ல, எண்ணம் அனுப்பிய இரத்தத்தை. அதுவும் உச்சத்தைத் தொட ஐந்து விநாடி அளவு பிடிக்கும், ஒரு புள்ளிக்குள் லட்சக்கணக்கான செல்கள் அடங்கும். கோப்பி குடித்துவிட்டுப் படுத்தவர், முதியவர், இரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோரின் படங்களை ஒப்பிடும்போது மாறியிருப்பது மூளையா குழாயா என்று கேட்டே ஆக வேண்டும். பெரட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணுவது அன்றைக்கு எத்தனை டன் குலை விழுந்தது என்பதற்குச் சமமாகாது.

நோயில் இந்தப் பேச்சு எப்படிக் கெடுகிறது என்பதில் ஒன்று என்னை உலுக்கியது. சற்று முன் சொன்ன பொட்டாசியம் குறைந்த அளவில் தமனியைத் திறக்கும். அளவு மிஞ்சினால் மூடிவிடும். மூளையின் மேற்பரப்பில் இரத்தக் கசிவு ஏற்பட்ட எலிகளில், நரம்பு வேலை செய்து இரத்தத்தை அழைக்கும் அதே கணத்தில் குழாய் சுருங்குகிறது என்று நெல்சனும் கூட்டாளிகளும் 2012இல் எழுதினார்கள். கூப்பிட்டவனுக்குக் கதவு சாத்தப்படுகிறது. இரத்தக்கொதிப்பும் அல்சைமர் நோயின் அமிலாய்டும் இந்த அழைப்பை வேறு வழிகளில் மழுங்கடிக்கின்றன என்று யாடிகோலா நீண்ட காலமாகக் காட்டிவருகிறார். அல்சைமரில் அசிட்டைல்கோலின் செல்களும் அழிவதால், அங்கே பேச்சும் போகிறது, பேச்சுக்கு வரும் இரத்தமும் போகிறது. எது முதலில் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

அப்படியானால் குழாயை விரித்தால் போதுமா? கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மூளைக்கு இரத்த ஓட்டத்தைப் பெருக்கும் என்று சொல்லி விற்கப்படும் லேகியங்களும் மாத்திரைகளும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அவற்றை வாங்குபவர்களிடம் இரண்டு மருந்துகளின் கதையைச் சொல்வேன். மேற்சொன்ன இரத்தக் கசிவுக்குப் பின் தமனிகள் இறுகிக்கொள்வதைத் தடுக்க நிமோடிபின் 21 நாள் கொடுக்கப்படுகிறது. நோயாளிகள் தேறுவது கூடுகிறது, ஆனால் படத்தில் பெரிய தமனிகள் அதற்கேற்ப விரிந்து தெரிவதில்லை. கிளாசோசென்டன் என்ற இன்னொரு மருந்து தமனி இறுக்கத்தை நன்றாகவே குறைத்தது; நோயாளிகள் தேறுவது பெரிய சோதனைகளில் அதற்கேற்பக் கூடவில்லை.

கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியவர்களும் உண்டு. இரத்தம் உத்தரவை வாங்குவது மட்டும்தானா, திருப்பி ஏதும் சொல்கிறதா? 2008இல் கிறிஸ்டோபர் மூரும் ரோசா காவோவும், குழாய் விரிவதன் அழுத்தமும் வெப்பமும் அதிலிருந்து வரும் பொருள்களும் நரம்புச் செல்லின் நடத்தையை மாற்றலாம் என்றார்கள். 2012இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பத்ரா சந்தரும் சீனிவாச சக்கரவர்த்தியும் இதைக் கணினிக்குள் கட்டிப் பார்த்தார்கள். நரம்புச் செல், ஆஸ்ட்ரோசைட், குழாய் மூன்றையும் ஒரு வளையமாக இணைத்து, குழாயிலிருந்து வரும் ஆற்றல் நரம்புக்குத் திரும்பும்படி அமைத்தார்கள். அந்த வளையத்தில் குழாயின் பக்கம் நடக்கும் மாற்றத்தால் நரம்பு சுடும் முறையே மாறியது. இது மாதிரிதான், மூளையல்ல. ஆனாலும் கால்வாயில் நீர் குறைந்தால் அடுத்த நாள் பெரட்டில் மண்டோர் வேறு நிரைக்கு ஆள் அனுப்புவார் என்பதை எங்கள் பாட்டிக்குக் கணினி இல்லாமலேயே தெரியும்.